பிள்ளை பெற்ற வீடு

கோபம் வந்தால் நான் பாத்திரம் தேய்ப்பேன். மடத்தில் சேர்ந்த முதல் வருஷத்திலிருந்து இருக்கிற பழக்கம். வாயைத் திறந்தால் வம்பு என்று தெரிந்துகொண்ட பிறகு, கையை வேலைக்கு விட்டுவிடுவது. அடுக்களையில் கரகரவென்று சத்தம் கேட்டால், "இன்றைக்கு யார் மாட்டினார்கள்?" என்று கேட்டுக்கொண்டே மற்ற சிஸ்டர்மார் அந்தப் பக்கம் வராமல் போய்விடுவார்கள்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில் எனக்கு வாய்த்த முதல் கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம், ஏற்கெனவே தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களை எல்லாம் எடுத்து மறுபடியும் தேய்த்தேன். இருபத்தாறு பிள்ளைகளுக்குச் சமைத்த சாப்பாடு மேசைமேல் மூடி இருந்தது. ஒரு பிள்ளையும் வரவில்லை.

என் ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே, கடற்கரையில். டிசம்பர் பிறந்துவிட்டால் வீட்டுக்கு வீடு நட்சத்திர விளக்குக் கட்டிவிடுவோம். இலங்கைக்கு என்னை அனுப்பப்போவதாக மடத்தலைவி சொன்னபோது என் வீட்டில் யாரும் அழக்கூட இல்லை. "இந்தா இருக்கிற சிலோனுக்குத்தானே, அதுவும் தமிழ் ஊருக்கு" என்றாள் அம்மா. கூடப் படித்த சிஸ்டர்மாருக்கெல்லாம் ஆப்பிரிக்கா கிடைத்திருந்தது. எனக்குப் பக்கத்து வீடு. ஆனால் அந்தப் பக்கத்து வீட்டில் இருக்க விசா எடுக்க வேண்டியிருந்தது. வந்து இறங்கிய பிறகுதான் என் தமிழைக் கேட்டுப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதும் தெரிந்தது.

வாவிக்குக் கிழக்கே இருப்பதை எழுவான்கரை என்றும் மேற்கே இருப்பதைப் படுவான்கரை என்றும் சொல்கிறார்கள். சூரியன் எழும் கரை, படும் கரை. பட்டணம், கல்லடி, கடல், பெரிய பள்ளிக்கூடங்கள், பெரிய தேவாலயங்கள் எல்லாம் எழுவான்கரையில். நாங்கள் இருந்தது படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையிலிருந்து உள்ளே போகிற ரோட்டில், ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கண்ணுக்கெட்டும் தூரத்துக்கு வயலுமாக இருந்த ஊரில். ஊர் முழுக்கச் சைவர்கள். வேதக்காரர் என்று சொல்ல நாங்கள் இரண்டு பேர்தான்: நானும், என்னோடு இருந்த கேரளத்து சிஸ்டரும். அவர் வயதானவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து, புண்ணுக்கு மருந்து கட்டிவிட்டு வருவார். நான் ஊர்ப் பொதுக் கட்டடத்தில் பின்னேரம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன்.

அந்தக் கட்டடத்தை எங்களுக்கு விட்டுக்கொடுத்தவர் எதிர்வீட்டு அக்கா. ஊர் மாதர் சங்கத் தலைவி. முதல் நாளே நேராகக் கேட்டுவிட்டார்.

"படிப்பு மட்டுந்தானே சிஸ்டர்?"

"படிப்பு மட்டும்தான் அக்கா."

"அப்ப சரி. சாவியப் பிடிங்க."

அந்த வாக்கை நான் மீறவில்லை. ஒரு செபம்கூடச் சொல்லிக்கொடுத்ததில்லை. அக்காவும் வாக்கு மாறவில்லை. மழையில் எங்கள் கூரை ஒழுகியபோது தன் கணவரை ஏணியோடு அனுப்பினார். எங்கள் வளவில் பாம்பு வந்தபோது அவரே தடியோடு வந்தார். ஆனால் ஒரு வருஷமாக எங்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. வந்தால் விறாந்தைப் படியில் உட்காருவார். பால் விடாத பிளேன்ரீ போடட்டுமா என்றால், "இப்பதான் குடிச்சிட்டு வந்தன்" என்பார். பிள்ளைகளும் அப்படித்தான். பிஸ்கட் கொடுத்தால் வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். கை நனைக்காத வீட்டில் உறவு இல்லை என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. கிறிஸ்துமஸ் அன்று ஒரு வேளையாவது இந்தப் பிள்ளைகள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதுதான் எனக்கிருந்த ஒரே ஆசை. அது நடக்காவிட்டால் நான் இந்த ஊரில் இருப்பதில் அர்த்தமே இல்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். என் சுபாவம் அப்படி. எதையும் கொஞ்சமாக விரும்பத் தெரியாது.

டிசம்பர் தொடக்கத்தில் விறாந்தையில் சின்னதாக ஒரு கிறிஸ்துமஸ் குடில் கட்ட ஆரம்பித்தேன். பள்ளிக்கூட விடுமுறை. வேலிப் படலைக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்த பிள்ளைகள், நான் கட்டுகிற லட்சணத்தைப் பொறுக்க முடியாமல் உள்ளே வந்துவிட்டார்கள். எதிர்வீட்டு அக்காவின் மகள்தான் முன்னால் வந்தாள். ஒன்பது வயது, இரட்டைப் பின்னல், கண்ணில் பட்டதையெல்லாம் திருத்துகிற குணம். "இது கோழிக்கூடு சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு நான் கட்டியதைப் பிரித்துப் போட்டாள்.

அதற்குப் பிறகு அது அவர்கள் குடில். வயல் வரம்பிலிருந்து களிமண் வந்தது. கிடுகு பின்னிக் கூரை போட்டார்கள். சிரட்டைகளில் நெல்லை முளைக்கவைத்துச் சுற்றிலும் வயல் அமைத்தார்கள். மாட்டுக்குப் பதில் எருமை. கழுதையை யாரும் நேரில் பார்த்ததில்லை என்பதால் காது நீண்ட ஆடு ஒன்று வந்து நின்றது. மாதாவின் சுரூபமும் சூசையப்பர் சுரூபமும் மட்டும் மடத்திலிருந்து வந்தவை. அவர்கள் இரண்டு பேரும் அந்த எருமைகளுக்கு நடுவில் விருந்துக்கு வந்த பட்டணத்துக்காரர்கள் போல நின்றார்கள்.

வாக்குக் கொடுத்திருந்ததால் நானாகக் கதை சொல்லவில்லை. ஆனால் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? அவள் கேட்டாள்.

"சிஸ்டர், இவட அம்மா எங்க?"

"யாரோட அம்மா?"

"இந்தப் பிள்ளத்தாச்சிட அம்மா."

நான் முழித்தேன். இத்தனை வருஷமாகக் குடில் கட்டுகிறேன்; மாதாவின் அம்மா எங்கே என்று யாரும் கேட்டதில்லை. அரசாங்கம் குடிக்கணக்கு எடுத்தது, எல்லாரும் சொந்த ஊருக்குப் போய்ப் பதிய வேண்டும், அதனால் கணவருடைய ஊருக்கு வந்தார்கள், வந்த இடத்தில் பிள்ளை பிறந்தது என்று சுருக்கமாகச் சொன்னேன்.

"மாப்பிள்ளைட ஊருக்கா?" அவளுக்கு நம்பவே முடியவில்லை. "தாய் வீட்டுல இல்லாம என்னெண்டு சிஸ்டர் பிள்ள பெறுற?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். அக்காவின் வீடும் அக்காவின் அம்மா கொடுத்தது. இந்தச் சின்னவளுக்கும் அது எழுதிவைத்த மாதிரிதான். நிறைமாதக்காரியைத் தாயில்லாத இடத்துக்குக் கூட்டிப்போவது இங்கே யாரும் செய்கிற காரியமில்லை. சூசையப்பரை அன்று பிள்ளைகள் பார்த்த பார்வையில் எனக்கே அவர்மேல் இரக்கம் வந்தது.

மறுநாள் காலையில் மாதாவுக்குப் பக்கத்தில் களிமண்ணால் செய்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நன்றாகக் குண்டாக, காலை நீட்டி, மடியில் இடம் விட்டு. பக்கத்தில் ஒரு சின்ன வெற்றிலைத் தட்டம். கேரளத்து சிஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "நல்லது. துணைக்கு ஆள் வந்துவிட்டது" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

"பிள்ளை எங்க?" என்பது அடுத்த கேள்வி. தீவனத் தொட்டி காலியாக இருந்தது.

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். கையைத் தட்டி எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன்: "இருபத்துநாலாம் தேதி ராத்திரி எங்க வீட்டில பிள்ளை பிறக்கப் போகுது. மறுநாள் மத்தியானம் எல்லாரும் இங்கே சாப்பிட வரணும்."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு சத்தமும் இல்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன்.

சாப்பாட்டு விஷயத்தில் நான் எதையும் விட்டுவைக்கவில்லை என்பதுதான் என் பெருமை. அந்த வருஷம் திருவெம்பாவை நாட்கள் கிறிஸ்துமஸோடு சேர்ந்து வந்திருந்தன. விடியற்காலையில் பிள்ளைகள் குளித்துவிட்டு, சங்கும் சேமக்கலமும் அடித்துக்கொண்டு வீதி வீதியாகப் பாடிப் போவார்கள். வீடுகளில் மச்சம் மாமிசம் கிடையாது. அதனால் எல்லாம் சைவம் என்று முடிவுசெய்தேன். மீன் பட்ட சட்டியில் சமைத்தார்கள் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாதென்று பாத்திரங்களையும் புதிதாக வாங்கினேன். பிறகு படலையைத் திறந்துகொண்டு எதிர்வீட்டுக்குப் போய் அக்காவிடம் ஒப்பித்தேன்: மரக்கறிச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, அப்பளம், வடை, பாயசம், புதுச் சட்டி.

"அதெல்லாம் சரிதான் சிஸ்டர்" என்றார் அக்கா. நெல் புடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "பிள்ள எப்ப பிறக்கிற எண்டு சென்னீங்க?"

"இருபத்துநாலு ராத்திரி."

"ஆ… சரி."

அந்த "ஆ"வில் ஒரு விஷயம் இருந்தது. அதைக் கவனிக்கிற பொறுமை எனக்கு இல்லை. வடைக்கு உழுந்து எவ்வளவு போடலாம் என்ற கணக்கில் இருந்தேன்.

இருபத்துநாலாம் தேதி எழுவான்கரைக்குப் போய்ப் பூசை கண்டு திரும்பினோம். கேரளத்து சிஸ்டர் குழந்தைச் சுரூபத்தைத் துணியிலிருந்து பிரித்துத் தொட்டியில் வைத்தார். இரண்டு பேரும் ஒரு பாட்டுப் பாடினோம். அவர் மலையாளத்தில், நான் தமிழில், மெட்டு மட்டும் ஒன்று.

மறுநாள் விடிந்ததிலிருந்து மழை. வயல் எது ரோடு எது என்று தெரியாத மழை. பன்னிரண்டு மணிக்கு நின்றது. நான் விறாந்தையில் பாய் விரித்து, வாழை இலைகளைத் துடைத்து அடுக்கிவிட்டு வாசலைப் பார்த்து நின்றேன். வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், தலை வாரிப் பொட்டு வைத்து, படலை வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டார்கள்.

"பிள்ள பிறந்திட்டா சிஸ்டர்?" என்று வெளியே நின்றே கேட்டாள் அக்காவின் மகள்.

"பிறந்தாச்சு! உள்ளே வாங்க, சோறு சூடா இருக்கு."

எல்லாரும் எக்கி எக்கிக் குடிலைப் பார்த்தார்கள். சின்னதுகளை இடுப்பில் தூக்கிக் காட்டினார்கள். ஒருத்தி, "வெள்ளப் பிள்ளகா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் ஒரு காலும் படலையைத் தாண்டவில்லை. நான் படியிறங்கிப் போனேன். அவர்கள் இரண்டடி பின்னுக்குப் போனார்கள்.

"மறுகா வாறம் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு, தண்ணீரைச் சளப்பிக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

பிறகு வாறம் என்றார்களே என்று ஒரு மணி வரைக்கும் காத்திருந்தேன். இரண்டு மணி ஆயிற்று. அதற்குப் பிறகுதான் அடுக்களைக்குப் போய்ப் பாத்திரங்களை எடுத்தேன்.

எனக்கு அழுகையாக வந்தது, அது கோபமாகத்தான் வெளியே போயிற்று. யாரோ பிள்ளைகளை மிரட்டியிருக்கிறார்கள். வேதக்காரர் சோற்றைத் தின்றால் ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு பாடம் சொல்லிக்கொடுத்ததற்கு இதுதான் கூலி. மடத்தலைவிக்கு எழுத வேண்டிய கடிதத்தை மனதுக்குள் எழுதினேன்: என்னை ஊருக்குத் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள், இங்கே என்னால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை. கேரளத்து சிஸ்டர் ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து நிதானமாகச் சாப்பிட்டார்.

"பாயசம் நன்றாக இருக்கிறது" என்றார். "போய் ஒரு வார்த்தை கேட்டால் என்ன?"

"நான் ஏன் போய்க் கேட்க வேண்டும்?"

"சரி, தேயுங்கள்" என்றார்.

நாலு மணிக்குப் படலையில் அக்காவின் குரல் கேட்டது. சாம்பல் கையோடு போனேன். அக்கா படலைக்கு வெளியே நின்றார். வாழை இலையில் சுற்றிய ஒரு பொதியை வேலிக் கம்பின்மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"சரக்கு சிஸ்டர். மிளகு, மஞ்சள், சுக்கு, உள்ளி எல்லாம் வெச்சிருக்கன். தாய்க்கு."

பிள்ளை பெற்றவளுக்கு அரைத்துக் கறி வைத்துக் கொடுக்கிற சரக்கு. எனக்கு அது எதுவும் மண்டையில் ஏறவில்லை. மத்தியானத்திலிருந்து அடக்கியது வெடித்துவிட்டது.

"ஏன் அக்கா பிள்ளைங்கள விடல? நான் என்ன மதமா மாத்தப் போறேன்? ஒரு வருஷமா ஒரு வார்த்தை தப்பாப் பேசியிருக்கேனா? ஒரு வாய் சோறு போட்டா என்ன குறைஞ்சிரும் உங்களுக்கு?"

அக்கா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. பேய் பிடித்தவளைப் பார்க்கிற மாதிரி ஒரு கவலைதான் இருந்தது.

"என்ன கதை சிஸ்டர் இது? ஆர் சென்ன மதம் மாத்திற எண்டு? இது பிள்ள பெத்த வீடு. துடக்கு. முப்பத்தொண்டு கழியாம இஞ்ச பச்சத்தண்ணி குடிச்சிட்டு எங்கட புள்ளயள் என்னெண்டு கோயிலுக்குப் போற? திருவெம்பாவை நடக்குதெல்லா?"

பிள்ளை பிறந்த வீட்டுக்கு முப்பது நாள் துடக்கு, எங்கள் ஊரில் சொல்கிற தீட்டு, உண்டு, முப்பத்தோராம் நாள் வீடு கழுவிக் கழித்த பிறகுதான் அங்கே மற்றவர்கள் கை நனைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அக்காவின் தங்கைக்குப் பிள்ளை பிறந்தபோது நானே பார்த்திருக்கிறேன். அதை என் விறாந்தையோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் பிள்ளை பிறக்கப் போகிறதென்று கை தட்டிச் சொன்னவள் நான்தான்.

அப்போது என் வாயிலிருந்து ஒரு வார்த்தை விழுந்தது. துறவியாகி இருபது வருஷம் ஆனவள் சொல்லக்கூடாத வார்த்தை.

"அது பொம்மைதானே அக்கா!"

அக்கா சட்டென்று குடிலைப் பார்த்தார், அங்கே யாருக்கும் கேட்டுவிட்டதோ என்று பயந்தவர் மாதிரி.

"உங்கட வாயால அப்பிடிச் செல்லாதீங்க சிஸ்டர்" என்றார் மெதுவாக. "பொம்ம எண்டு நினைச்சிருந்தா எல்லாரும் வந்து திண்டுட்டுப் போயிருப்பம். உங்கட சாமி பிறந்திருக்கு எண்டு நீங்கதானே சென்னீங்க. சாமியெண்டாலும் பிறப்புப் பிறப்புத்தானே. நாங்க அத மதிக்கோணுமா இல்லையா?"

வெட்கமாக இருந்தது. ஊர் முழுக்க என் வார்த்தையை நம்பியிருந்தது. நான் மட்டும்தான் அதைப் பேச்சுக்குச் சொல்லியிருந்தேன். சாம்பல் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"அப்ப எப்ப அக்கா வருவீங்க?"

"முப்பத்தொண்டுக்குத்தான். மறுகா என்ன? அழாதீங்க. பச்ச உடம்புக்காரி இருக்கிற வீட்டுல அழப்படாது."

அன்று சமைத்ததை அப்படியே வண்டியில் ஏற்றி, கேரளத்து சிஸ்டர் வாவியைத் தாண்டி ஒரு முதியோர் இல்லத்தில் கொடுத்துவிட்டு வந்தார். வந்ததும் விவிலியத்தை எடுத்து என் முன்னால் விரித்து வைத்தார். பிள்ளை பெற்ற தாய்க்குச் சுத்திகரிப்பின் நாட்கள் நாற்பது என்று நம்முடைய புத்தகத்திலேயே இருக்கிறது. மாதாவும் நாற்பது நாள் கழித்துத்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோவிலுக்குப் போனாள். அதற்கென்று ஒரு திருநாளே கொண்டாடுகிறோம். "இவர்கள் ஒன்பது நாள் நமக்குத் தள்ளுபடி செய்திருக்கிறார்கள்" என்றார் சிஸ்டர். இரண்டு பேரும் சிரித்தோம். அன்றைக்கு நான் சிரித்த முதல் சிரிப்பு.

கடிதம் மனதோடு நின்றுவிட்டது. அந்த ஒரு மாதம் நான் எதிர்பாராத விதமாகச் சந்தோஷமாகக் கழிந்தது. பாடத்துக்குப் போகிற வழியில் பிள்ளைகள் படலையில் நின்று விசாரிப்பார்கள்.

"பிள்ள பால் குடிக்கா சிஸ்டர்?"

"குடிக்குது, குடிக்குது."

"இரவைல அழுறயா?"

"ஒரே அழுகை. நாங்க ரெண்டு பேரும் தூங்கவே இல்ல."

முதலில் விளையாட்டுக்குத்தான் சொன்னேன். பத்து நாள் போனதும், காலையில் எழுந்ததும் குடில் பக்கம் போய்ச் சாரல் அடித்திருக்கிறதா என்று பார்த்து ஒரு துணியை மறைப்பாகக் கட்டத் தொடங்கியிருந்தேன். காது நீண்ட ஆடு மழையில் கரைந்துபோயிற்று. சிரட்டை நெல் ஒரு சாண் வளர்ந்தது. தைப்பொங்கலுக்கு, "துடக்கு வீட்டுல பொங்கிறல்ல" என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, தன் வீட்டுப் பொங்கலை வேலிக்கு மேலால் நீட்டினார். எழுவான்கரையிலிருந்து வந்த பாதிரியார் குடிலைப் பார்த்துவிட்டு, இன்னும் ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டார். துடக்குக் கழியவில்லை சாமி என்றேன். அவர் பெரிதாகச் சிரித்தார். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டுக் குடிலுக்கு முன்னால் குனிந்து, விலகியிருந்த மறைப்புத் துணியைச் சரிசெய்தார்.

முப்பத்தோராம் நாள் காலையில் அக்காவும் நாலைந்து பெண்களும் வாளி, விளக்குமாறு, மஞ்சள் தண்ணீர், மாவிலையோடு வந்தார்கள். படலையைத் தாண்டி நேராக உள்ளே வந்தார்கள். விறாந்தையைக் கழுவினார்கள். மூலை மூலையாக மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். மடத்தில் இதைக் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று ஒரு கணம் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் கேரளத்து சிஸ்டர் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளி பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு இருபத்தாறு பிள்ளைகளும் வந்தார்கள். வெறுங்கையோடு யாரும் வரவில்லை. குழந்தைச் சவர்க்காரம், பவுடர், ஒரு கிலுகிலுப்பை, யாரோ தம்பிக்குச் சிறிதாகிப்போன சட்டை. அக்காவின் மகள் ஒரு கறுப்பு நூலைத் திரித்துக்கொண்டு வந்திருந்தாள். என்னிடம் கேட்கவில்லை. குழந்தைச் சுரூபத்தைத் தொட்டியிலிருந்து தூக்கி, இடுப்பில் அந்த நூலைக் கட்டி, கன்னத்தில் மையால் ஒரு பொட்டு வைத்தாள். மறுபடியும் தொட்டியில் வைக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அதைக் களிமண் பெண்ணின் நீட்டிய காலில் கிடத்தினாள். அளவெடுத்துச் செய்தது போல அது அந்த மடியில் பொருந்தியது. ஒன்பது வயதுப் பிள்ளை டிசம்பர் மாதமே அந்த மடியை எதற்காக விட்டுவைத்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அன்றைக்குச் சைவம் இல்லை. வாவி இறால் வாங்கி, அம்மாவை வீடியோவில் கூப்பிட்டுக் கேட்டுக் கேட்டு எங்கள் ஊர்க் கறி வைத்திருந்தேன். பிள்ளைகள் வாளித் தண்ணீரில் வரிசையாகக் கை கழுவினார்கள். பாயில் உட்கார்ந்தார்கள். சோற்றைப் பிசைந்தார்கள். இருபத்தாறு கைகளையும் பார்த்துக்கொண்டு நான் கரண்டியோடு நின்றேன், பரிமாற மறந்துவிட்டது. கடைசியாக அக்காவும் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்தார். எல்லாரும் அவரைப் பார்த்தோம்.

"உறைப்புக் காணாது சிஸ்டர்" என்றார். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

சாப்பாடு முடிந்ததும், குவிந்து கிடந்த சட்டிகளை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். குந்தி உட்கார்ந்து ஒன்றைக் கையில் எடுக்கும்போது அக்காவின் மகள் வந்து அதைப் பிடுங்கினாள்.

"நீங்க செய்யப்படா சிஸ்டர். துடக்குக் கழிக்கிற அண்டைக்கு வீட்டுக்காரி வேலை செய்யிறல்ல. அம்மாவாக்கள்தான் செய்யிற."

"அப்ப நான் சும்மா இருக்கவா?"

"ஓம். உங்கட அம்மா இஞ்ச இல்லத்தானே. அதுதான் நாங்க வந்திருக்கம்."

அதைச் சொல்லிவிட்டு அவள் சாம்பலை அள்ளித் தேய்க்கத் தொடங்கிவிட்டாள். சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்து ஆளுக்கொரு சட்டியை எடுத்துக்கொண்டார்கள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன், பச்சை உடம்புக்காரி இருக்கிற வீட்டில் அழக் கூடாது. போய் விறாந்தையில் உட்கார்ந்தேன். கோபமும் இல்லை, வேலையும் இல்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் எங்கள் அடுக்களையிலிருந்து அக்கா இரண்டு கப் பிளேன்ரீயோடு வந்தார். ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டு, மற்றதைத் தான் குடித்தார்.